நாற்பத்தேழாம் பக்கம்

எங்கள் ஆபீசில் அவருக்குப் பில்லக்கா என்று பெயர். என்னைவிட நான்கு வயது சின்னவர், இருந்தாலும் எனக்கும் அக்காதான். அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரை அக்கா என்பேன். பதினோரு வருடமாக இந்த உறவுமுறைக் குழப்பத்தைத் தீர்த்துவைக்க யாரும் முன்வரவில்லை.

நாங்கள் பாலம் கட்டுகிற கம்பெனி. அரசாங்கத்துக்குத்தான் கட்டுவோம், வேறு யாருக்குப் பாலம் வேண்டும். சிமெண்ட்டுக்கும் கம்பிக்கும் அடுத்தபடியாக எங்களுக்கு அதிகம் செலவாவது வக்கீலுக்கு. நிலம் கொடுத்தவர் வழக்குப் போடுவார், கொடுக்காதவரும் போடுவார். தூசி விழுந்த வீட்டுக்காரர் போடுவார். இப்படி வெளியாட்கள் போடுகிற வழக்குகளுக்கு ஆகும் செலவை அரசுத் துறை எங்களுக்குத் திருப்பித் தந்துவிடும், ஒப்பந்தம் அப்படி. ஆனால் துறைமேலேயே நாங்கள் ஒரு வழக்குப் போட்டால் அந்தச் செலவு எங்கள் தலையில். அதுவும் நியாயம்தான், தன்னைத் திட்டுவதற்குத் தானே காசு கொடுக்கிறவன் உலகத்தில் உண்டா.

சிக்கல் என்னவென்றால், இரண்டு வகை வழக்கையும் நடத்துகிறவர் ஒரே வக்கீல். மாதம் ஒரு பில் அனுப்புவார். எத்தனை மணி எத்தனை நிமிடம் எந்த வேலை என்று வரிவரியாக இருக்கும். எந்த வரி துறையின் செலவு, எந்த வரி நம் செலவு என்று பிரிப்பதுதான் பில்லக்காவின் வேலை. இதை ஒரு வேலை என்று வெளியில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். என் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

அவர் பில் படிப்பதைப் பார்க்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு என்பார்களே, அது இவருக்காகச் சொன்னதுதான். ஒரு தடவை வக்கீல், "வழக்கு குறித்து யோசனை, பதினெட்டு நிமிடம்" என்று எழுதியிருந்தார். அக்கா ஓரத்தில் பென்சிலால், "யோசித்து என்ன முடிவுக்கு வந்தீர்கள்?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தப் பதினெட்டு நிமிடம் அடுத்த பில்லில் வரவே இல்லை. வக்கீல் "சந்திப்பு" என்று மொட்டையாக எழுதினால் போதும், "யாருடன், எங்கே, எதற்கு?" என்று மூன்று கேள்வி கிளம்பிவிடும். வக்கீலின் குமாஸ்தா எங்கள் ஆபீசுக்கு வந்தால் மாடிப்படியிலேயே நின்று, அக்கா லீவா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே வருவார்.

அக்காவின் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் நர்சிங் படிக்கிறாள். "எங்க வீட்ல ஒருத்தர் எலும்பைப் பார்க்கிறாரு, நான் பில்லைப் பார்க்கிறேன், கூரை ஒழுகுறதைப் பார்க்கத்தான் ஆளில்ல" என்பார். வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் பாக்கி. இதையெல்லாம் நான் ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வேலை அவருக்கு எவ்வளவு முக்கியம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காக. தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

என் வேலை கோப்பு. துறையிடம் பணம் கேட்டு அனுப்பும்போது பில்லின் எல்லாப் பக்கமும் வைக்க வேண்டும், ஒரு பக்க எண்கூட விட்டுப்போகக் கூடாது. ஆனால் துறைமீது நாங்கள் போட்ட வழக்கு பற்றிய வரிகளை அவர்கள் பார்க்கக் கூடாது, அல்லவா. எதிராளியிடமே நம் திட்டத்தைக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த வரிகளைத் தடித்த கறுப்பு மார்க்கரால் அடித்துவிடுவோம். அடித்த தாளை அப்படியே அனுப்ப மாட்டோம். அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸைத்தான் அனுப்புவோம்.

ஏன் என்றால் அதற்கு ஒரு கதை உண்டு. துறையில் எங்கள் கணக்கைச் சரிபார்க்கிற அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் டார்ச். மார்க்கர் அடித்த தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக்கு அடியில் எழுத்து தெரியும். ஏழு வருடத்துக்கு முன்னால் அந்த மனிதர் அப்படிப் பிடித்துப் படித்து, "கறுப்பின் கீழ் உள்ள தொகையும் கூட்டலில் சேர்ந்துள்ளது, கழிக்கவும்" என்று எழுதி அனுப்பினார். அன்றைக்கு அக்காவுக்கு வந்த கோபத்தில் பாதி அவர்மேல், பாதி அவர் சொன்னது சரியாக இருந்ததன்மேல். மறுநாள் முதல் ஜெராக்ஸ் விதி வந்தது. அந்த மனிதரை நாங்கள் இருவரும் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அக்கா துறைக்குப் போகிற ஒவ்வொரு பில் கட்டையும் அவர் ஒருவருக்காகவே தயாரித்தார் என்று நினைக்கிறேன்.

ஒன்பது மாத பில்களைச் சேர்த்து ஒரு வெள்ளிக்கிழமை அனுப்பினோம். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். அக்கா கையெழுத்துப் போட்டார், பக்கம் சேர்த்துக் கயிறு போட்டு நான் கட்டினேன், துறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து முத்திரை வாங்கி வந்ததும் நான்தான்.

திங்கள்கிழமை காலையில் அக்கா எங்கள் பிரதியைப் புரட்டிக்கொண்டிருந்தார். எங்கள் பிரதியில் மார்க்கர் அடித்த அசல் தாள்கள் இருக்க வேண்டும். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். விரலால் அந்தக் கறுப்பைத் தடவினார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மார்க்கர் என்றால் பின்பக்கம் ஊறியிருக்கும். இது சுத்த வெள்ளையாக இருந்தது.

"அண்ணே, இது ஜெராக்ஸ்" என்றார்.

ஜெராக்ஸ் இங்கே இருக்கிறது என்றால் அசல் அங்கே போயிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரண்டு அடுக்கையும் மேஜையில் வைத்துப் பக்கம் சேர்த்துக்கொண்டிருந்தபோது வீட்டிலிருந்து போன் வந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது, பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார் என்று மனைவி. நான் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே தாளைச் சேர்த்தேன். எந்தத் தாள் எந்தப் பக்கம் போனது என்று அப்போது பார்க்கவில்லை.

நாற்பத்தேழாம் பக்கம். மீதி நூற்றுப் பதினொன்றையும் அக்கா அரைமணி நேரத்தில் சரிபார்த்துவிட்டார், எல்லாம் சரி. இந்த ஒன்றுதான். அந்தப் பக்கத்தில் கறுப்படித்த வரி என்ன என்று எங்கள் இருவருக்கும் மனப்பாடம்.

அந்த வரி பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது தூணுக்கு அடியில் மண் சரியில்லை. தோண்டத் தோண்டச் சேறு. அதனால் வேலை தாமதம், தாமதத்துக்குத் துறை எங்களுக்கு அபராதம் போட்டது. மண் மோசம் என்று துறைக்கு முன்கூட்டியே தெரியும், அவர்களே எடுத்த மண் பரிசோதனை அறிக்கை இருக்கிறது, அதை மறைத்துவிட்டார்கள் என்பது எங்கள் வழக்கு. அப்படி ஓர் அறிக்கை இருப்பதையும் அதன் எண்ணையும் எங்கள் வக்கீலுக்குச் சொன்னவர் துறையிலேயே படம் வரைகிற ஒரு டிராப்ட்ஸ்மேன். எண் கிடைத்துவிட்டதால் கோர்ட் மூலமாகவே அறிக்கையைக் கேட்டு வாங்கலாம், அவர் பெயர் எங்கேயும் வராது என்று வக்கீல் வாக்குக் கொடுத்திருந்தார்.

வக்கீல் முதலில் பில்லில் எழுதியது, "சாட்சியுடன் பேச்சு, ஒன்றரை மணி" என்று மட்டும்தான். அக்கா வழக்கம்போல, "யாருடன், எங்கே, எதற்கு?" என்று திருப்பி அனுப்பினார். வக்கீல் கடுப்பில் முழுதாக எழுதிவிட்டார். டிராப்ட்ஸ்மேன் பெயர், அவர் வீட்டுத் தெரு, மண் அறிக்கை எண் வாங்கியது, எல்லாம் ஒரே வரியில்.

அக்கா வக்கீலுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எனக்கும் கேட்டது.

"நான் சும்மா 'சாட்சி'ன்னுதானம்மா எழுதினேன். நீங்கதான விடமாட்டேன்னீங்க" என்றார் வக்கீல்.

"நான்தான் சார் கேட்டேன். இப்ப என்ன ஆகும்?"

"துறையில கணக்குப் பார்க்கிற அந்த ஆளு படிச்சாருன்னா மேல எழுதுவாரு. ஆபீஸ் தகவலை வெளிய கொடுத்தாருன்னு டிராப்ட்ஸ்மேனை அன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணுவாங்க. அப்புறம் விசாரணை. வேலை போனாலும் போகும்." கொஞ்சம் நிறுத்தி, "ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கு அவருக்கு" என்றார். பிறகு அவருக்கே உரிய திமிரோடு, "இந்தப் போன் பேச்சையும் யாரோட, எதுக்குன்னு பில்லுல எழுதணுமா?" என்று கேட்டார். அக்கா போனை வைத்துவிட்டார்.

நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். யார் சேர்த்தது, எப்படி மாறியது என்று அவர் கேட்பார், கேட்டதும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். பதினெட்டு நிமிட யோசனைக்குக் கணக்குக் கேட்ட பெண் அவர். அன்றைக்கு என்னைக் கேட்கவே இல்லை. எழுந்து மேனேஜர் அறைக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன்.

எங்கள் மேனேஜர் கெட்டவர் இல்லை. எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் வருத்தப்படுவார், அவ்வளவுதான். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எப்படி நடந்துச்சு?"

"என் பார்வையில நடந்துடுச்சு சார்."

நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் நிறைய நேரம் இருந்தது.

"ஒரு தாளை மட்டும் மாத்தித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாமா?" என்றார் அக்கா.

"முத்திரை விழுந்த கட்டுல தாள் மாத்த விடமாட்டாங்க. முழுசா வாபஸ் வாங்கலாம், அவங்க தணிக்கை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. ஆனா ஒப்பந்தத்தைப் படிச்சீங்கல்ல. வாபஸ் வாங்கின காலத்துக்கு மறுபடி கேட்க முடியாது. ஒன்பது மாசத்துப் பணம் போச்சு. அது எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். எங்கள் ஆபீசில் இருக்கிற பதினாறு பேருக்கும் ஒரு வருடச் சம்பளம் கொடுத்தாலும் மிச்சம் இருக்கும்.

"அந்த மனுஷனுக்கு வேலை போயிடும் சார்."

"பாவம்தான். நான் இல்லைங்கல. ஆனா நமக்கு அறிக்கை நம்பர் வந்தாச்சு. கேஸுக்கு ஒண்ணும் ஆகாது. அவரு நம்ம ஆளும் இல்ல." மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படிக்காமலும் போகலாம். விட்டுடுங்க. வாபஸ் கீபஸ்னு எதுவும் வேண்டாம், சொல்லிட்டேன்."

படிக்காமல் போவாராம். வேறு எந்த அதிகாரியாக இருந்தாலும் நானும் நம்பியிருப்பேன். நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தை யார் வெளிச்சத்தில் பிடிக்கப்போகிறார்கள். ஆனால் டார்ச் பிடிப்பார். அக்கா அந்த நாற்காலியில் இருந்தால் பிடித்திருப்பார், அதனால் அவரும் பிடிப்பார். அக்காவின் முகத்தில் நான் பார்த்த பயம் அதுதான்.

வெளியே வந்து நேராகத் தன் மேஜைக்குப் போனார். பிறகு பையை எடுத்துக்கொண்டு, "அண்ணே, துறை ஆபீஸ் வரைக்கும் வரீங்களா? கட்டு கனமா இருக்கும்" என்றார்.

கட்டு கனமாக இருக்கும் என்றால் திரும்ப எடுத்து வரப்போகிறார் என்று அர்த்தம். போகாதீங்க என்று சொல்லவும் வாய் வரவில்லை, நான்தான் செய்தேன் என்று சொல்லவும் வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மழைகூட இல்லை.

பஸ்ஸில் அரைமணி நேரம். இடம் கிடைக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அக்கா அடிக்கடி மணி பார்த்தார். ஒவ்வொரு சிக்னலிலும் டிரைவரின் முதுகை முறைத்தார். பாதி வழியில் ஓர் இருக்கை காலியானது. "நீங்க உட்காருங்கண்ணே" என்றார். நான் உட்கார்ந்தேன். அந்த உட்கார்ந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

"எங்க அப்பா பத்திரப்பதிவு ஆபீஸ்ல கிளார்க்" என்று திடீரென்று சொன்னார். "மூணு வருஷம் சஸ்பென்ஷன். கடைசியில தப்பு அவர்மேல இல்லன்னு ஆர்டர் வந்துச்சு. ஆனா அந்த மூணு வருஷமும் வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டா உள்ரூமுக்குப் போயிடுவாரு. பால் போடுறவரு வந்தாக்கூட. ஆர்டர் வந்தப்புறமும் அந்தப் பழக்கம் போகல."

நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் எங்களைத் தெரிந்தவர் யாருமில்லை.

துறை ஆபீஸ் நான்கு மாடி. லிப்ட் வேலை செய்யவில்லை என்று எழுதி ஒட்டியிருந்த தாளே பழுப்பேறிப் போயிருந்தது. மூன்றாவது மாடியில், சுவரெல்லாம் இரும்பு அலமாரி வைத்த ஓர் அறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில் அவர் இருந்தார். நான் ஏதோ கழுகு மாதிரி ஒரு முகத்தை நினைத்து வைத்திருந்தேன். குட்டையாக, முழங்கை தேய்ந்த சட்டையோடு, சளி பிடித்த ஒரு மனிதர். எங்கள் கட்டு அவர் மேஜையில் இருந்தது. கயிறு அவிழ்த்திருந்தது.

அக்கா கம்பெனி பெயரைச் சொன்னதும் அவர் எழுந்தே விட்டார். "நீங்கதானா அது" என்றார். "உட்காருங்கம்மா. உங்க பென்சில் குறிப்பெல்லாம் அழிச்சாலும் தெரியும் எனக்கு."

"ஆரம்பிச்சுட்டீங்களா சார்?"

"முதல் தாள்ல கையெழுத்துப் போட்டாத்தான் ஆரம்பிச்ச கணக்கு. இன்னும் போடல. சாப்பிட்டு வந்து போடலாம்னு வெச்சிருக்கேன்."

கயிறு அவிழ்த்திருக்கிறதே, பார்த்தாரா இல்லையா என்று எனக்கு உயிர் போனது. அவர் முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரே ஒரு தாளை மாத்திக்க முடியுமா சார்?"

"விதி இல்லம்மா."

"அப்ப வாபஸ் வாங்கிக்கிறேன். முழுசா."

டார்ச் கைக்குட்டையை மேஜையில் வைத்தார். "ஒன்பது மாசத்தையுமா? திரும்பக் கேட்க முடியாது, தெரியும்ல? போன வருஷம் ஒரு டாக்ஸி பில்லுக்கு எனக்கு நாலு கடிதம் எழுதினவங்க நீங்க."

"தெரியும் சார்."

"உங்க மேனேஜருக்கு?"

"கையெழுத்துப் போடுற அதிகாரம் எனக்கு இருக்கு சார். கோப்புல பாருங்க."

அவர் பார்த்தார். இருந்தது. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். அக்கா நிரப்பினார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. டிராப்ட்ஸ்மேனைப் பற்றி எழுத முடியாது. கம்பெனியின் விருப்பம் என்று எழுதினால் பொய். என்னைத் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன், பார்க்கவில்லை. "தயாரிப்பில் என் பிழை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டார்ச் அதைப் படித்தார். ஏதோ கேட்க வந்தவர் கேட்கவில்லை. பக்கங்களை எண்ணி, நூற்றுப் பன்னிரண்டு சரியா என்று பார்த்து, கயிறு கட்டிக் கொடுத்தார். நாற்பத்தேழை எண்ணும்போது அவர் கை நின்றதா, நான் நிற்கும் என்று பயந்ததால் நின்ற மாதிரி இருந்ததா, எனக்கு இன்னும் தெரியாது. கட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

இறங்கும்போது இரண்டாவது மாடியில் வரைபடப் பிரிவு என்று பலகை இருந்தது. கதவு திறந்திருந்தது. பெரிய மேஜைகளில் நான்கைந்து பேர் குனிந்திருந்தார்கள். அதில் அந்த டிராப்ட்ஸ்மேன் யார் என்று எங்களுக்குத் தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும். அக்கா வாசலில் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து சுருட்டிய வரைபடங்களை அள்ளிக்கொண்டு வந்த ஒரு நரைத்த ஆள், "வழியில நிக்காதீங்கம்மா, எத்தனை தடவை சொல்றது உங்களுக்கெல்லாம்" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார். எத்தனை தடவையும் இல்லை, எங்களை அவர் பார்ப்பதே முதல் தடவை. "அவராத்தான் இருக்கும்" என்றேன். அக்கா அந்த நாளில் ஒரே ஒரு தடவை சிரித்தது அப்போதுதான்.

ஆபீசுக்குத் திரும்பும்போது மூன்று மணி. மேனேஜருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது, துறையிலிருந்து யாரோ போன் செய்திருந்தார்கள். எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நான் கட்டைச் சுமந்துகொண்டே உள்ளே போனேன், கீழே வைக்க எங்கும் இடம் தோன்றவில்லை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேண்டாம்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"முதலாளிக்கு நான் என்னம்மா பதில் சொல்லுவேன்? யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும்ல இதுக்கு." பிறகு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "முதல்ல அந்தத் தாள் எப்படிப் போச்சு? கட்டினது யாரு?"

அந்த அறையில் ஒரு பழைய சீலிங் பேன் உண்டு. அது மூன்று சுற்றுச் சுற்றுகிற நேரம் இருக்கும். நான் சொல்ல நினைத்தேன். என் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு ஐம்பத்தொன்று ஆகிறது, இந்த வயதில் கோப்பு கட்டத் தெரிந்தவனுக்கு வெளியே யார் வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தேன். இவ்வளவும் அந்த மூன்று சுற்றுக்குள் நினைத்தேன், ஆக எனக்கு நேரம் இல்லாமல் போகவில்லை. நாக்கு மட்டும் எழவில்லை.

"கையெழுத்து என்னோடது சார்" என்றார் அக்கா. "யாரு கட்டினா என்ன."

மாதக் கடைசி வரை சம்பளம், நாளை முதல் வர வேண்டாம் என்று முடிந்தது. அவர் டிராயரைக் காலி செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. டிபன் பாக்ஸ், ஒரு ஸ்வெட்டர், நான்கு பென்சில், பிள்ளைகளின் போட்டோ. ஆபீசில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். அங்கே வேறு யாரும் இல்லை.

"அக்கா, அந்தத் தாளை மாத்தி வெச்சது நான்தான். வீட்லருந்து போன் வந்துச்சு, அந்த நேரத்துல…"

"தெரியும்ணே. நீங்கதான கட்டுவீங்க எப்பவும்."

"மன்னிச்சிடுங்கக்கா."

அவர் முகத்தில் கோபம் இல்லை என்று எழுத எனக்கு ஆசைதான். இருந்தது.

"இதை உள்ள சொல்லியிருக்கலாமே" என்றார். "எனக்குத் தெரிஞ்சதை எங்கிட்ட வந்து சொல்றீங்க."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

டிராப்ட்ஸ்மேன் இன்னும் அதே ஆபீசில்தான் இருக்கிறார், வக்கீல் சொன்னார். மண் அறிக்கையைக் கோர்ட் கேட்டு வாங்கிவிட்டது. அக்கா ஒரு கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறார், சம்பளம் பாதி. அவர் வேலையும் சேர்த்து இப்போது என்னிடம் இருக்கிறது, கொஞ்சம் சம்பளமும் கூடியிருக்கிறது. எட்டு மாதம் ஆகிவிட்டது. என் மேஜையிலிருந்து மேனேஜர் அறைக்குப் பதினான்கு அடி தூரம். தினமும் நான்கைந்து தடவை போய் வருகிறேன். இன்னும் சொல்லவில்லை.